நன்னீர்க் கிணறும் வாக்குச்சீட்டும்

1931 மே 4 ஆம் திகதி இலங்கை அரசாங்க சபைத் தேர்தலுக்கு நியமனப் பத்திரம் ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அன்று ஒருவர்கூடப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்புக்கு நான்கு தொகுதிகளும் கட்டுப்பட்டன. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்குரிய ஊர்காவற்றுறை ஆசனம் 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை ஆளின்றிக் கிடந்தது.

இந்தப் பகிஷ்கரிப்பைச் சுயராச்சியக் கனவின் உச்சம் என்று கொண்டாடுவோர் உண்டு. தமிழர் அரசியலின் முதற் பெருந்தவறு என்று சாடுவோரும் உண்டு. இரு சாராரும் கொழும்பையும் யாழ்ப்பாணத் தலைவர்களையும் பார்த்தே பேசுகிறார்கள். அந்தத் தேர்தலில் முதன்முதலாக வாக்குப் பெற்றிருந்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது.

அதுவரை இலங்கையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. சொத்து, வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கொண்டு அளந்து கொடுத்த வாக்கு அது. 1927 நவம்பரில் வந்திறங்கிய டொனமூர் ஆணைக்குழு அந்த அளவுகோல்களை நீக்கிவிடும்படி பரிந்துரைத்தது. பெண்களுக்கு முப்பது வயது என்று குழு சொன்னதும் பின்னர் இருபத்தொன்றாகக் குறைந்தது. இங்கிலாந்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதில் வாக்கு என்றானது 1928 இல்தான். மூன்றே ஆண்டுகளில் அந்த உரிமை புங்குடுதீவில் கள் இறக்குபவருக்கும், புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு இறைப்பவருக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் சட்டப்படி வந்து சேர்ந்தது. ஆசியாவில் இப்படிச் சர்வசன வாக்குரிமை பெற்ற முதல் நாடு இலங்கை. காணி உறுதியும் பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லாத ஒருவர், காணியும் சான்றிதழும் உள்ளவருக்குச் சமனாக எண்ணப்படும் முதல் நாள் 1931 தேர்தல் நாளாக இருந்திருக்கும். தீவகத்தில் அந்த நாள் வரவில்லை.

வாலிபர் காங்கிரஸின் நோக்கம் கெட்டதன்று. ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1920களின் நடுவில் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய இயக்கம் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. அக்கால யாழ்ப்பாணத்தில் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்த அமைப்புகளுள் அதுவே வலுவானது. டொனமூர் திட்டத்தில் ஆளுநரிடம் விடப்பட்ட அதிகாரங்களைப் பார்த்து, இது முழுச் சுயராச்சியம் இல்லை, நமது சம்மதம் இல்லாத ஆட்சியில் நாம் பங்கெடுக்கமாட்டோம் என்றார்கள். கொள்கை சரி. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், கல்லூரி மாணவர்கள். முதல் முறையாக வாக்குப் பெற்ற எளிய சனத்திடம் யாரும் போய்க் கேட்கவில்லை. சம்மதத்தின் பேரால் நடந்த ஒரு மறுப்புக்கு அவர்களுடைய சம்மதம் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த இயக்கத்தை மதிக்கிற எனக்கு இதைச் சொல்வதில் வேதனை இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

மறுபக்கம் இன்னும் கடுமையானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1911 இல் படித்த இலங்கையர் தொகுதியில் வென்ற முழுநாட்டுத் தலைவர், சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றார். சாதி ஒழுங்கில் கீழே வைக்கப்பட்டவர்கள் கையில் வாக்குப் போவது இந்து வாழ்க்கை முறைக்குக் கேடு என்பது அவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும், ஒன்றாக உண்ணவேண்டும் என்ற சமாசன, சமபோசன உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து எதிர்ப்பு மனுக்கள் போயின. சில இடங்களில் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். நிலத்தில் இருந்து படித்த பிள்ளை வாங்கில் ஏறியதைப் பொறுக்காத ஊர், அதே பிள்ளையின் தகப்பன் வாக்குச் சாவடியில் தன் பின்னால் வரிசையில் நிற்பதை எப்படிப் பொறுக்கும்?

ஆட்சியாளரின் அதிகாரம் ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்தே பிறக்கிறது என்பது மேல்நாட்டு அரசியல் நூல்களில் மிகப் பழைய பாடம். 1776 இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் அதையே காரணம் காட்டிப் பிரித்தானிய முடியிலிருந்து விலகின. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதையும் அதே பிரகடனத்தில் அதற்கு முன்னால் எழுதினார்கள். அதை வரைந்த தோமஸ் ஜெஃபர்சனின் பண்ணையில் அடிமைகள் வேலை செய்தார்கள். இந்த முரண்பாடு ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து ஒரு பெரும் வாதமாக வெடித்தது. ஸ்டீபன் டக்ளஸ் என்ற செனற்றர், கன்சாஸ், நெப்ராஸ்கா ஆகிய புதிய பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்குக் குடியேறும் வெள்ளையர் வாக்கெடுத்துத் தீர்மானிக்கட்டும், அதுவே சனநாயகம் என்றார். 1854 ஒக்ரோபரில் பியோரியா என்ற ஊரில் ஆபிரகாம் லிங்கன் அதற்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் சாரம் இது: வெள்ளையன் தன்னைத் தானே ஆள்வது சுயாட்சி; தன்னையும் ஆண்டு இன்னொரு மனிதனையும் அவன் சம்மதமின்றி ஆண்டால் அது கொடுங்கோன்மை. கறுப்பினத்தவன் மனிதனா இல்லையா என்பதில்தான் முழு வாதமும் தங்கியிருக்கிறது.

லிங்கனும் அந்நாளில் முழுச் சமத்துவவாதியாக இருக்கவில்லை. வாக்குரிமையும் சமூகச் சமத்துவமும் கறுப்பின மக்களுக்கு உடனே வேண்டும் என்று அவர் அப்போது சொல்லவில்லை. அப்படியிருந்தும் அவர் பிடித்த இழை சரியானது. ஊர் கூடி முடிவெடுப்பது சம்மத ஆட்சி ஆகவேண்டுமானால், அந்த முடிவால் பாதிக்கப்படுபவர் எல்லோரும் ஊர்க் கூட்டத்தில் ஆட்களாக எண்ணப்படவேண்டும். இந்தக் கோயில், இந்தக் கிணறு, இந்தத் தெரு எங்கள் ஊர் வழக்கப்படி நடக்கிறது, ஊர்ச் சம்மதம் இது என்று யாழ்ப்பாணத்தில் சொல்லப்பட்டபோதெல்லாம் டக்ளஸின் வாதமே தமிழில் பேசப்பட்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. மகாட் நகரின் சவ்தார் குளம் பொதுக்குளம். அதைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று நகரசபை தீர்மானித்திருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தக் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே மீண்டும் கூடிய மாநாட்டை அவர் 1789 இன் பிரெஞ்சுத் தேசிய சபையோடு ஒப்பிட்டுப் பேசினார். ஒரு குளத்தில் தண்ணீர் அள்ளும் கூட்டத்தை ஒரு நாட்டின் அரசியலமைப்பை மாற்றிய சபைக்குச் சமனாக வைத்தது மிகைப்பேச்சு என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். என் கணிப்பில் ஆசியாவில் சம்மத ஆட்சியைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக ஆழமான வார்த்தை அதுதான். அந்தக் குளத்துக்கான உரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று.

காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் இறங்கியதும் மகாட் போராட்டமும் ஒரே ஆண்டில். யாழ்ப்பாணம் முதல் இரண்டையும் பற்றி நிறையப் பேசியது. மூன்றாவதைப் புங்குடுதீவு நாற்பத்துச் சொச்சம் ஆண்டுக்குப் பிறகு தன் சொந்தக் கிணற்றடியில் சந்தித்தது.

தீவில் தண்ணீர் என்றால் என்னவென்று வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். புங்குடுதீவு தட்டையான சுண்ணாம்புப் பாறைத் தீவு. ஆறு கிடையாது. மாரி மழை பாறை இடுக்குகளால் இறங்கி, கீழே கிடக்கும் உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஒருமுறை ஏறிய உவர் இலகுவில் இறங்காது. ஆகவே ஊரில் கிணறுகள் பல இருந்தும் நன்னீர்க் கிணறுகள் சிலதான். குளிக்கவும் துவைக்கவும் சவர்த்தண்ணீர் போதும். குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணீருக்கு நடக்கவேண்டும். நல்ல கிணறு இருக்கும் இடம் பெரும்பாலும் கோயில் வளவு அல்லது காணி பூமி உள்ளவர் வளவு.

வடபகுதி எங்கும் இருந்த வழக்கம் இங்கும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது, வாளி விடக்கூடாது. குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, உயர்சாதிக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டும். கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார்.

இந்தக் காத்திருப்பை வெறும் அவமானம் என்று மட்டும் பார்த்தால் அதன் அரசியல் புரியாது. காலையில் ஒருவருடைய இரக்கத்தில் குடிதண்ணீர் பெற்றவர், பின்னேரம் கிராமச் சபைத் தேர்தலில் அவருக்கு மாறாக வாக்களிப்பது எப்படி? குடியிருக்கும் நிலமும் அவருடையது, வேலையும் அவர் தோட்டத்தில், கோயிலிலும் அவரே தர்மகர்த்தா. இரகசிய வாக்கெடுப்பு ஒருவரைச் சாவடிக்குள் இரண்டு நிமிடம் காப்பாற்றும். வெளியே வந்தபின் மற்ற நாளெல்லாம் அவர் அந்தக் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். சம்மதம் என்பது மறுக்கவும் முடிகிறவர் கொடுப்பது. மறுத்தால் தண்ணீர் இல்லை என்ற நிலையில் இருப்பவரிடம் வாங்கியதற்கு வேறு பெயர்.

சட்டம் இதைக் காணாமல் இருக்கவில்லை. 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், பொது இடங்களிலும் வழிபாட்டு இடங்களிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. மகாட் நகரசபைத் தீர்மானத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்குமான போராட்டம் குடாநாட்டில் பரவியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் நின்று வழிமறித்தார். தனித் தமிழ் அரசு வேண்டும் என்று பலருக்கும் முன்னர் சொன்னவர் அவர். சிங்களப் பெரும்பான்மை தமிழரை அவர்கள் சம்மதமின்றி ஆளக்கூடாது என்ற வாதத்தை அவ்வளவு கூர்மையாக வைத்த ஒருவர், கோயில் வாசலில் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

புங்குடுதீவின் மு. தளையசிங்கம் அரசின் வாசலையும் கோயில் வாசலையும் ஒன்றாகக் கண்டவர். 1935 இல் பிறந்தவர். பேராதனையில் படித்த ஆசிரியர். சிறுகதையாளர், விமர்சகர், சிந்தனையாளர். ‘புதுயுகம் பிறக்கிறது’, ‘போர்ப்பறை’, அவர் மறைவுக்குப் பின் வந்த ‘மெய்யுள்’ ஆகியவை தமிழ்ச் சிந்தனையில் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. சுந்தர ராமசாமி அவரைப் பற்றி எழுதியதும், பின்னர் ஜெயமோகன் எடுத்துப் பேசியதும் தமிழகத்தில் அவரை அறியவைத்தன. பெரும்பாலும் அவருடைய மெய்யியல்தான் அங்கே பேசப்படுகிறது. ‘ஒரு தனி வீடு’ என்ற நாவலில் தமிழ்த் தேசியக் கேள்வியை எடுத்தவரும் இவரே என்பதையும், தன் ஊரில் சர்வோதய இயக்கத்தை நடத்தியவர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார்.

1970களின் தொடக்கத்தில் புங்குடுதீவு கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாங்களே தண்ணீர் அள்ளவேண்டும் என்று தளையசிங்கமும் அவருடைய தோழர்களும் சத்தியாக்கிரகம் செய்தார்கள். பொலிஸ் வந்தது. அவர் கைதானார், தாக்கப்பட்டார். அதன்பின் உடல்நிலை தேறவில்லை. 1973 ஏப்ரலில், நாற்பது வயதை எட்டாமலே இறந்தார்.

அந்தக் கிணற்றடியில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் கொழும்பில் புதிய குடியரசு அரசியலமைப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. தமிழரசுக் கட்சி 1971 இல் அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியது. அதுவரை இருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குத் தந்த காப்பும் இல்லாத 1972 யாப்பு, தமிழர் பிரதிநிதிகளில் பெரும்பாலோரின் சம்மதம் இல்லாமலே நிறைவேறியது. இனத்தின் பேரால் எங்கள் சம்மதமின்றி எங்களை ஆள்கிறது என்று நாம் குற்றஞ்சாட்டிய அதே அரசின் பொலிஸ், எங்கள் ஊர்க் கிணற்றடியில் சாதி ஒழுங்குக்குக் காவல் நின்றது. கொழும்பின் அதிகாரமும் ஊர் அதிகாரமும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று பகை காட்டவில்லை. தளையசிங்கம் இரண்டையும் எதிர்த்தார். இரண்டின் அடியையும் அவர் உடல் வாங்கியது.

தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1972 ஒக்ரோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, புதிய யாப்புக்குத் தமிழ் மக்களின் சம்மதம் உண்டா என்று இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்கு அறைகூவல் விட்டார். சம்மதக் கொள்கையை இவ்வளவு நேரடியாக, இவ்வளவு அமைதியாகச் சோதனைக்கு வைத்த நிகழ்வு இலங்கையில் வேறொன்று இல்லை. தேர்தலை வைக்காமல் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தார்கள். 1975 பெப்ரவரி 6 இல் நடந்தபோது அவர் 25,927 வாக்குகள் பெற்றார். கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. விடை தெளிவாக வந்தது. அரசின் காதில் அது ஏறவில்லை. அந்த அநீதியைச் சிறிதும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதே நேரம், அந்தத் தொகுதிக்குள்ளேதான் மாவிட்டபுரம் கோயிலும் இருக்கிறது. வாசலில் தடுக்கப்பட்டவர்களின் முறைப்பாட்டைத் தமிழரசுக் கட்சி தன் முறைப்பாட்டுக்குச் சமனாக ஏந்தியிருந்தால், 1975 இல் கேட்ட குரல் இன்னும் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சமத்துவத்தை முதலில் எடுத்துவிட்டால் சம்மதத்தை எடுப்பது எளிது என்பதை மலையக மக்கள் அதற்கு முன்பே அனுபவித்திருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதோராக்கியது. 1949 தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கைப் பறித்தது. வரிசை அதுதான்: ஆள் இல்லை என்று முதலில் சொல்லவேண்டும், பிறகு அவர் வாக்கைக் கேட்கவேண்டியதில்லை.

போர் வந்தபின் தீவகத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கே பொருள் தேய்ந்தது. 1990 இல் தொடங்கிய படை நடவடிக்கைகளில் தீவுகள் ஒவ்வொன்றாக இராணுவத்தின் கைக்குப் போயின. புங்குடுதீவு 1991 இல். ஊர் பெரும்பாலும் வெறிச்சோடியது. 1994 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகள் வசம் இருந்ததால் அங்கே வாக்கெடுப்பு இல்லை. படையினர் வசமிருந்த தீவகத்தில் நடந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்காளர் பதிவாகியிருந்தார்கள். நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. 10,744 வாக்குகளோடு ஈ.பி.டி.பி. கட்சி அந்த மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதைப் பெற்றது. சட்டத்தில் பிழை இல்லை. சம்மதம் இருந்ததென்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. பதினொரு ஆண்டு கழித்து 2005 சனாதிபதித் தேர்தலில் புலிகளின் பக்கத்திலிருந்து வந்த பகிஷ்கரிப்பினால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 மட்டுமே. ஒருமுறை வாக்கில்லாமலே பிரதிநிதிகள் வந்தார்கள். மறுமுறை வாக்கு இருந்தும் போட விடவில்லை. 1931 இல் வாலிபர் காங்கிரஸ் கையில் துவக்கு இருக்கவில்லை. அந்த வேறுபாடு பெரிது. சனத்திடம் கேட்காமல் சனத்தின் மறுப்பை அறிவிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

இன்று புங்குடுதீவில் இருப்பவரைவிடப் புங்குடுதீவார் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிஸிலும் கொழும்பிலும் வாழ்பவர் மிக அதிகம். வசதியுள்ளவர் முதலில் வெளியேறினார்கள். போக வழியில்லாதவர் பலர் ஊரில் தங்கினார்கள், அல்லது திரும்பி வந்தார்கள். கோயில் திருப்பணியும் பள்ளிக்கூடக் கட்டடமும் வெளிநாட்டுப் பணத்தில் எழும்புகின்றன. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். வாணர் தாம்போதியே ஊருக்காக உழைத்த ஊர்ப் பிள்ளைகளின் பெயரைத் தாங்கித்தான் வேலணையிலிருந்து கடலைக் கடந்து வருகிறது. ஆனால் பணம் அனுப்புபவர் ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் முடிவெடுக்க, அந்தக் கோயிலில் தினமும் கும்பிடுபவரும் அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை விடுபவரும் செய்தியாக மட்டும் அதைக் கேள்விப்படுவது பழைய தர்மகர்த்தா முறையின் புதிய வடிவம்.

வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாமல், சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில் மாகாணம் விடப்பட்டது. அந்தத் தேர்தலை உரத்துக் கேட்கவேண்டும். கேட்கும் நாம், நம் ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் கோயில் நிர்வாக சபையின் பட்டியலையும் பகிரங்கமாக வைத்து, ஊரில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், எந்தக் குறிச்சியாக இருந்தாலும், அவற்றில் வாக்கு உண்டா என்று சரிபார்க்கவேண்டும். இல்லாத இடத்தில் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே யாப்பைத் திருத்துங்கள்.